சிவில் முடித்தாயிற்று, அடுத்து சுற்றுச்சூழல் பொறியியல்: எந்த வாசல் வழியாகப் போவது?

கழிவுநீருக்குள் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை மொண்டு, அளவுக் கோடு போட்ட சிலிண்டரில் ஊற்றி வைத்துவிட்டால் 30 நிமிடம் அதைத் தொடக்கூடாது. அடியில் ஸ்லட்ஜ் என்ற நுண்ணுயிர்ச் சேறு எவ்வளவு படிகிறது, மேலே தண்ணீர் எவ்வளவு தெளிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போன ஏப்ரலில் திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் அப்படி நின்றிருந்தபோது, எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த கோபிச்செட்டிபாளையத்துப் பெண் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

“அக்கா, கேட் மார்க்குக்கு என்.ஐ.டி. கிடைக்கும்போல இருக்குதுங்க்கா. அமெரிக்காவுல இருந்தும் ஒரு அட்மிட் வந்துருச்சுங்க. அப்பா தோட்டத்தை அடமானம் வெச்சுக்கலாம்ங்கறார். ரெண்டுல எதுக்குங்க்கா போறது?”

சிலிண்டரில் படிவு 320 மில்லியில் நின்றது. அதைக் குறித்துக்கொண்டேன். அவளுக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மனசு அதிலேயே போய்விட்டது. அதன்பிறகு இதே கேள்வியோடு இன்னும் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கும், இன்று இரவு உள்நாட்டுக் கல்லூரி, வெளிநாட்டுக் கல்லூரி என்று இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து, ஆற அமரச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

உள்ளே போக என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே எம்.டெக்.குக்கான கேட் நுழைவுத் தேர்வில் மார்க் எவ்வளவு, வெளிநாட்டுக்கு ஜி.ஆர்.இ. தேர்வு வேண்டுமா, அரியர் இருந்தால் எடுப்பார்களா. பட்டத்தோடு வெளியே வர என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எத்தனை கிரெடிட் (பாடச் சுமையின் அலகு), தீசிஸ் என்ற ஆய்வேடு கட்டாயமா, ஒரு பாடத்தில் தோற்றால் என்ன ஆகும், வழிகாட்டிப் பேராசிரியர் பாதியில் போய்விட்டால் என்ன ஆகும்: இரண்டு வருடம் எப்படிப் போகும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. அதனால் என் முதல் அளவுகோல் நுழைவும் வெளியேற்றமும் சேர்ந்தது.

அடுத்து மொத்தச் செலவு. இதில் கட்டணத்தோடு, வராமல் போகும் உதவித்தொகை, கடனுக்கான வட்டி, சம்பளமில்லாத மாதங்கள் எல்லாம் வரும். மூன்றாவது, முடித்த மறுநாள் எந்த ஊரில் எந்த வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். நான்காவது, திட்டம் பிசகினால் குடும்பத்தைக் கலங்கடிக்காமல் திரும்பி வர முடியுமா.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம். ஸ்ட்ரக்சுரலில் இடம் கிடைக்கவில்லை, சரி, என்விரான்மென்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார்கள். நம் பி.இ. சிவிலில் குடிநீர், கழிவுநீர் பற்றி இரண்டு மூன்று பாடங்கள் வருகின்றன. முதுகலையில் எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் வேதியியல், நுண்ணுயிரியல், நுண்ணுயிர் எந்த வேகத்தில் கழிவைத் தின்னும் என்ற கணக்கு என்று ஆரம்பித்துவிடும். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள். கரைசல் சமநிலை பாடத்தைப் படிக்க மனசு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் இந்தத் துறையே வேண்டாம்.

இன்னொன்று: டி.என்.பி.எஸ்.சி. எழுதி குடிநீர் வடிகால் வாரியத்திலோ பொதுப்பணித் துறையிலோ உதவிப் பொறியாளராவதுதான் ஆசை என்றால், அந்த வேலைக்கு பி.இ. போதும். எம்.இ. அந்தத் தேர்வுக்குத் தேவையே கிடையாது. இரண்டு வருடத்தை அந்தத் தேர்வுக்கே கொடுங்கள்.

## கேட் எழுதி ஐ.ஐ.டி., என்.ஐ.டி. எம்.டெக்.

நுழைய: தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொதுத் திறனுக்கு. பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். 2021 முதல் சிவில் தாளைத் தவிர சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் தனித் தாளே வந்துவிட்டது. நீர் வேதியியல், நுண்ணுயிரியல், காற்று மாசு, திடக்கழிவு எல்லாம் அதில் உண்டு. சிவில் தாளில் ஸ்ட்ரக்சர், மண் இயக்கவியல் என்று எட்டுத் திசையிலும் ஓட வேண்டும். எந்தப் படிப்பு எந்தத் தாளை ஏற்கிறது என்று பார்த்துவிட்டுத் தாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு தாள் எழுத அனுமதி இருக்கிறது, எந்தத் தாளோடு எந்தத் தாள் என்பது அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் வரும்.

ஐ.ஐ.டி.களுக்கான அழைப்பு கோஆப் இணையதளம் வழியாகவும், என்.ஐ.டி.களுக்கானது சி.சி.எம்.டி. கலந்தாய்வு வழியாகவும் வரும். சி.சி.எம்.டி.யில் பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டப்படிப்பில் 6.5 சி.ஜி.பி.ஏ. அல்லது 60 சதவீதம் வேண்டும். பட்டியல் இனத்தவருக்கு 6.0 அல்லது 55. அரியர் வைத்து எழுதித் தேறினீர்களா என்று இங்கே யாரும் தோண்டுவதில்லை. கேட் மதிப்பெண்தான் பேசும்.

முடிக்க: முதல் இரண்டு செமஸ்டர் பாடம், அடுத்த இரண்டு செமஸ்டர் புராஜெக்ட். உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அதற்கு ஈடாக வாரம் 8 மணி நேரம் துறை சொல்லும் வேலை: பி.டெக். மாணவர்களுக்கு லேப் எடுப்பது, விடைத்தாள் பார்ப்பது.

மறைந்திருக்கும் செலவு: இங்கே பணம் அதிகம் போகாது, காலம்தான் போகும். ஒரு முறை எழுதி மார்க் போதவில்லை என்று இன்னொரு வருடம், அதுவும் போதவில்லை என்று மூன்றாவது வருடம் வீட்டிலேயே இருந்தவர்களை எனக்குத் தெரியும். கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும் என்பதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. வாங்கிய மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிளான்ட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, அடுத்த வருடம் அதே மார்க்கோடு கலந்தாய்வுக்குப் போகலாம். தளத்தில் ஒரு வருடம் நின்றவர் வகுப்பில் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

கேட் மார்க்கை வைத்துப் பொதுத்துறை நிறுவனங்கள் சில ஆள் எடுப்பதும் உண்டு. ஒரே தேர்வுக்கு இரண்டு வாசல் என்பது இந்த வழிக்கு மட்டுமே உள்ள பலம்.

## சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்.

இது பலருக்குத் தெரியாத வாசல், அதனால் தனியாகச் சொல்கிறேன். எம்.டெக். பாடத்துக்கு முக்கியம் தரும் படிப்பு. எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு. கேட் மதிப்பெண்ணோடு துறை நடத்தும் தேர்வும் நேர்காணலும் இருக்கும். உள்ளே போனால் சில பாடங்கள், பிறகு முழுக்க ஒரே ஆராய்ச்சிக் கேள்வி. தீசிஸ் எழுதி, அதை வெளியிலிருந்து ஒருவர் மதிப்பிட்டு, வாய்மொழித் தேர்வு முடிந்தால்தான் பட்டம். அதனால் இரண்டு வருடத்தில் முடியும் என்று நாள் குறிக்க முடியாது. ரியாக்டரில் நுண்ணுயிர் வளர மறுத்தால் மூன்று மாதம் அப்படியே போய்விடும். பிஎச்.டி. போக வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் நம் ஊரில் இல்லை என்பது என் கருத்து. வேலைதான் நோக்கம் என்றால் எம்.டெக். எடுங்கள்.

## அண்ணா பல்கலைக்கழகத்திலும் மற்றக் கல்லூரிகளிலும் எம்.இ.

நுழைய: 2022 வரை டான்செட் என்று இருந்த மாநில நுழைவுத் தேர்வை எம்.இ., எம்.டெக்.குக்கு சீட்டா பி.ஜி. என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். பொறியியல் கணிதம், அடிப்படைப் பொறியியலும் அறிவியலும், பிறகு துறைப்பாடம். கேட்டைவிட எளிது. பிறகு டான்கா கலந்தாய்வு. கேட் மதிப்பெண் இருந்தால் அதோடும் இதே கலந்தாய்வுக்கு வரலாம். பட்டத்தில் 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 45 சதவீதம் என்பதுதான் அடிப்படைத் தகுதி. கிண்டியில் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் நீர்வள மையமும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டின் பாடத்திட்டத்தையும் படித்துவிட்டு விருப்பத்தைப் போடுங்கள்.

முடிக்க: 4 செமஸ்டர், 75 சதவீத வருகை, மூன்றாம் செமஸ்டரில் புராஜெக்ட் முதல் கட்டம், நான்காவதில் இரண்டாம் கட்டம்.

மறைந்திருக்கும் செலவு: இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் கேட் எழுதாமல் மாநில நுழைவுத் தேர்வு வழியாகத்தான் எம்.இ. சேர்ந்தேன். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழி கேட்டில் தேறி வந்தவள். ஒரே வகுப்பு, ஒரே லேப், கழிவுநீரின் மாசை அளக்கும் ஒரே சி.ஓ.டி. சோதனை. அவள் கணக்கில் மாதா மாதம் ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை 12,400 ரூபாய் வரும், என் கணக்கில் வராது. 24 மாதத்துக்குக் கூட்டினால் 2,97,600 ரூபாய். கேட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தொகை என்று சேர்க்கையின்போது என் கல்லூரி அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. எம்.இ.தான் என்று முடிவாகிவிட்டாலும் கேட் எழுதித் தகுதி மதிப்பெண்ணையாவது தாண்டிவிடுங்கள். ரேங்க் வேண்டாம், தகுதி போதும்.

இன்னொரு செலவு கல்லூரியைப் பொறுத்தது. சில தனியார் கல்லூரிகளில் எம்.இ. வகுப்பில் ஆறு பேர்தான் இருப்பார்கள். லேபில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் துணி போர்த்தி இருக்கும். சேருவதற்கு முன் ஒரு நாள் நேரில் போங்கள். கடைசியாக அந்தக் கருவியை எப்போது போட்டார்கள் என்று லேப் அட்டெண்டரிடம் கேளுங்கள். அவர் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

இந்த வழியின் பலம் ஊர்தான். திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைதான் அங்கே நடைமுறை. ஆர்.ஓ., நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், மிஞ்சும் உப்பை என்ன செய்வது என்று உலகத்தில் வேறு பல இடங்களில் புத்தகத்தில் மட்டும் படிப்பதை இங்கே பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் குடிநீராகிறது. இதெல்லாம் உங்கள் புராஜெக்ட்டுக்கான களம். தமிழ்நாட்டில்தான் வேலை செய்யப் போகிறேன் என்பவருக்குக் கிண்டி எம்.இ. எந்த வெளிநாட்டுப் பட்டத்துக்கும் குறைந்தது கிடையாது.

## அமெரிக்காவில் எம்.எஸ்.

அங்கே துறையின் பெயரே பெரும்பாலும் ‘சிவில் அண்ட் என்விரான்மென்டல்’ என்று சேர்ந்தே இருக்கும். அதற்குள் ஸ்ட்ரக்சர், போக்குவரத்து, மண், நீர், சுற்றுச்சூழல் என்று பிரிவுகள். நீங்கள் விண்ணப்பிப்பது பிரிவுக்கு. பிரிவை மாற்றிப் போட்டுவிட்டு அங்கே போய் மாறிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.

நுழைய: மார்க் பட்டியல், நோக்கக் கடிதம், மூன்று பரிந்துரைக் கடிதம், டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. இங்கே அரியர் வரலாறு டிரான்ஸ்கிரிப்டில் அப்படியே தெரியும். கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. அதாவது கேட் தேர்வுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால், ஏழாவது செமஸ்டர் தேர்வும் நடக்கும் நேரம். இரண்டுக்கும் சேர்த்துத் தயாரானவர்களில் பலர் இரண்டிலும் அரைகுறையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டிலேயே ஒன்றை முதன்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிக்க: பெரும்பாலான இடங்களில் 30 செமஸ்டர் கிரெடிட், அதாவது சுமார் 10 பாடம். சராசரி 4க்கு 3 என்ற அளவுக்குக் கீழே போகக்கூடாது. ஸ்டான்ஃபோர்டில் 45 யூனிட் என்று பார்த்துவிட்டு அங்கே ஒன்றரை மடங்கு படிக்க வேண்டும் என்று பயந்த ஒரு தம்பியைத் தெரியும். அங்கே ஆண்டைக் குவார்ட்டராகப் பிரிக்கிறார்கள், 3 குவார்ட்டர் யூனிட் 2 செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். 45ம் 30ம் ஒரே சுமைதான்.

அசல் வேறுபாடு தீசிஸ் உண்டா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. இலினாய் அர்பானா-ஷாம்பெய்னில் தீசிஸோடு 32 மணி, இல்லாமல் 36 மணி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதல் திட்டம் தீசிஸ், இரண்டாவது திட்டம் தீசிஸுக்குப் பதில் ஒட்டுமொத்தத் தேர்வு. தீசிஸ் இல்லாத வழியை பெர்க்லி போன்ற இடங்களில் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். ஒரு வருடக் கட்டணமும் வாடகையும் மிச்சம் என்று அது நன்றாகத்தான் தெரியும்.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. மாணவர் விசாவில் வெளி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் போய் மே மாதம் பட்டம் வாங்கினால் நடுவில் கோடை விடுமுறையே வராது. அமெரிக்கக் கன்சல்டன்சிகள் வேலைக்கு எடுப்பதற்கு முன் கோடைப் பயிற்சியில் ஆளைப் பார்க்கின்றன. அந்த வாய்ப்பு இல்லாமலேயே வேலை தேட வேண்டியிருக்கும். ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ இழுத்துப் படிப்பவர்களுக்கு நடுவில் ஒரு கோடை கிடைக்கும்.

தீசிஸ் வழியில் பேராசிரியரின் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணத் தள்ளுபடியும் மாதச் சம்பளமும் கிடைக்கலாம். இந்த ஒன்று கிடைத்தால் கணக்கே தலைகீழாக மாறிவிடும். ஆனால் அந்த இடங்கள் முதலில் பிஎச்.டி. மாணவர்களுக்குப் போகின்றன. 2025இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி பல இடங்களில் நிறுத்தப்பட்டதால் இன்னும் இறுகிவிட்டது. அட்மிட் கடிதத்தில் நிதி பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் நிதி இல்லை என்றே கணக்குப் போடுங்கள். ‘போன பிறகு கிடைக்கும்’ என்று சீனியர் சொன்னதை நம்பித் தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: ஒரு விண்ணப்பத்துக்கு சுமார் 100 டாலர், எட்டுக் கல்லூரி என்றால் 800. வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350, விசாவுக்கு 185. இதெல்லாம் சில்லறை. கடனைப் பாருங்கள். 40 லட்சம் ரூபாய், 10.5 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 54,000 ரூபாய். டாலரில் சம்பளம் வாங்கினால் கட்டலாம். திரும்பி வந்து கோவையிலோ சென்னையிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் பெரும்பாலும் பற்றாது. அப்புறம் படிக்கும் காலத்து வட்டி வேறு.

வேலை செய்ய எவ்வளவு நாள் கிடைக்கும்? படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை செய்ய ஓ.பி.டி. அனுமதி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்பதால் மேலும் 24. முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. அதன்பிறகு எச்-1பி வேலை விசா: ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000, விண்ணப்பிப்பவர்கள் அதைவிட மிக அதிகம், அதனால் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபரின் ஆணை வந்தது. அங்கேயே மாணவர் விசாவிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் அடுத்த மாதம்தான் வந்தது. இடையில் இருந்த வாரங்களில் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

சிவில்காரர்களுக்கு மட்டும் உள்ள இன்னொரு படி உரிமம். கணினிக்காரர்களுக்கு இது தேவையில்லை. நமக்கு வரைபடத்தில் முத்திரை குத்த பி.இ. உரிமம் வேண்டும். இது நம் பட்டமான பி.இ. கிடையாது, புரொஃபஷனல் இன்ஜினியர் என்பதன் சுருக்கம். அதற்கு முதல் படி எஃப்.இ. தேர்வு: 6 மணி நேரம், 110 கேள்வி. பிறகு பொதுவாக 4 வருட அனுபவம். நம் ஊர் இளங்கலைப் பட்டத்தைத் தனியாக மதிப்பிடச் சொல்லும் மாநிலங்கள் உண்டு. படிக்கும்போதே எஃப்.இ. எழுதி முடித்துவிட்டவர்களுக்கு நேர்காணலில் மதிப்பு கூடுவதைப் பார்த்திருக்கிறேன். ராணுவப் பொறியாளர் படை போன்ற மத்திய அரசு வேலைகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள், அந்தக் கதவு நமக்கு மூடியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 2024 ஏப்ரலில் குடிநீரில் எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருள்களில் இரண்டு வகைக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தார்கள். அவ்வளவு நுண்ணிய அளவை அளக்கும் கருவியும், நீக்கும் முறையும், அதற்கான ஆய்வகப் பயிற்சியும் அங்கே மாணவர் கைக்கே வரும். ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளவர் நிதியோடு போனால் நான் மனசாரக் கையசைத்து அனுப்புவேன்.

## ஜெர்மனியில் எம்.எஸ்சி.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற பேச்சு இப்போது பாதிதான் உண்மை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் முதுகலைக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் 1,500. பல மாநிலங்களில் இன்னும் கட்டணம் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் நீர்வளப் பொறியியலுக்கு ஆங்கிலவழிப் படிப்பே இருக்கிறது.

நுழைய, நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், நம் பணத்தில் சுமார் 12 லட்சம். அது மாதா மாதம் உங்களுக்கே திரும்பி வரும். முடிக்க 120 கிரெடிட், அதில் 30 பெரும்பாலும் தீசிஸ்.

இங்கே ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மிடம் ஒரு தாளில் தோற்றால் அடுத்த செமஸ்டர், அதற்கடுத்த செமஸ்டர் என்று எழுதிக்கொண்டே போகலாம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் மூன்று முறைதான். மூன்றாவது முறையும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை அந்த நாட்டில் வேறிடத்தில் தொடர்வதும் அடைபட்டுவிடும். அரியரைத் தள்ளிப்போட்டுப் பழகியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆனால் அங்கே இந்தத் துறை வேலை நகராட்சியோடும் உள்ளூர் ஒப்பந்தக்காரரோடும் நடப்பது, அதனால் ஜெர்மன் மொழி இல்லாமல் நடக்காது. முதல் செமஸ்டரிலிருந்தே மொழி வகுப்புக்குப் போகிறவருக்குத்தான் இந்த வழி. இரண்டு வருடப் பணி அனுபவம் இருந்தால் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் ஈபோஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வேலை பார்த்துவிட்டுப் போவதால் கிடைக்கும் இன்னொரு ஆதாயம் அது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | உள்ளே போக | பட்டத்தோடு வெளியே வர | பணம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| கேட், எம்.டெக். | கேட் மதிப்பெண், 6.5 சி.ஜி.பி.ஏ. | பாடம் 2 செமஸ்டர், புராஜெக்ட் 2 | மாதம் 12,400 வரும் | திரும்பத் திரும்ப எழுதும் வருடங்கள் |
| ஐ.ஐ.டி. எம்.எஸ். | கேட், தேர்வு, நேர்காணல் | தீசிஸ், வெளி மதிப்பீடு, வாய்மொழி | உதவித்தொகை உண்டு | எப்போது முடியும் என்று தெரியாது |
| எம்.இ. | சீட்டா அல்லது கேட், 50% | 4 செமஸ்டர், 75% வருகை | அரசுக் கல்லூரியில் குறைவு | கேட் இல்லையேல் 2,97,600 வராது |
| அமெரிக்கா | டிரான்ஸ்கிரிப்ட், பரிந்துரை, ஆங்கிலத் தேர்வு | 30 கிரெடிட், சராசரி 3.0 | நிதி இல்லையேல் பெருங்கடன் | விசாக் குலுக்கல், உரிமம், கோடைப் பயிற்சி |
| ஜெர்மனி | ஏ.பி.எஸ்., முடக்கக் கணக்கு | 120 கிரெடிட், 3 முயற்சி | இடத்தைப் பொறுத்தது | மொழி |

## யாருக்கு எது

வீட்டில் கடன் வாங்கும் தெம்பு இல்லை, மார்க் ஓரளவு வருகிறது என்றால் கேட்டைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் சுற்றுச்சூழல் பொறியியல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். கேட்டில் தகுதி மட்டும் கிடைத்தது, ரேங்க் இல்லை என்றால் கிண்டி. வீட்டை விட்டு வெகுதூரம் போக முடியாத நிலை பல பெண்களுக்கு இன்னும் இருக்கிறது. அவர்களும் பக்கத்துத் தனியார் கல்லூரியைப் பார்க்கும் முன் கோவையிலும் சென்னையிலும் உள்ள அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளைப் பாருங்கள்.

அமெரிக்கா இரண்டு வகை ஆட்களுக்குத்தான் என்று நினைக்கிறேன். நிதியோடு தீசிஸ் வழியில் இடம் கிடைத்தவருக்கு. அல்லது நிதி இல்லாவிட்டாலும், எல்லாம் பிசகித் திரும்பி வந்தால் கடனைத் தாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு. எங்கள் அலுவலகத்திலிருந்தே ஒரு தம்பி போன வருடம் நிதியோடு போனான். போகும் முன் மூன்று பேராசிரியர்களுக்கு, அவர்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, நம் சாயக் கழிவில் தான் எடுத்த அளவுகளோடு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். இரண்டு வருடத் தள வேலைதான் அவனுக்குக் கைகொடுத்தது. அவன் சி.ஜி.பி.ஏ. 7.4தான்.

திரும்பி வரும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்று. இங்கே குடிநீர், கழிவுநீர் வடிவமைப்பு மத்திய அரசின் சி.பி.எச்.இ.இ.ஓ. அமைப்பு வெளியிடும் கையேட்டை வைத்து நடக்கிறது, சுற்றுச்சூழல் அனுமதி 2006ஆம் ஆண்டு அறிவிக்கையை வைத்து நடக்கிறது. வெளிநாட்டில் படித்தவர்கள் வந்ததும் இவை இரண்டையும் முதலிலிருந்து படிக்கிறார்கள். ஆறு மாதம் எடுக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

கோபிப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அவள் அட்மிட் கடிதத்தை அன்று மாலை அலுவலகத்தில் வரி வரியாகப் படித்தோம். தீசிஸ் இல்லாத படிப்பு, நிதி பற்றி ஒரு சொல் கிடையாது. தீசிஸுக்கு மாற முடியுமா என்று துறைக்கு எழுதினாள். இடமிருந்தால் பார்க்கலாம் என்று நான்கு நாளில் பதில் வந்தது. அந்தப் பதிலை அவள் அப்பாவுக்குத் தமிழில் சொன்னோம். தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். ஜூலையில் என்.ஐ.டி.யில் சேர்ந்தாள்.

போன வாரம் போன் செய்தாள். லேபில் ரியாக்டர் ஓட்ட ஆரம்பித்திருக்கிறாளாம். “அக்கா, நம்ம பிளான்ட்ல இருந்து அஞ்சு லிட்டர் ஸ்லட்ஜ் கிடைக்குங்களா? ஐஸ் பாக்ஸ் நானே கொண்டுட்டு வந்துடறனுங்க.”

சனிக்கிழமை காலை 6 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வெயில் ஏறுவதற்குள் எடுத்துக்கொண்டு போகட்டும்.